கேயாஸ் என்று எழுதிக் கொடுத்தேன்

கோபம் வந்தால் எனக்கு ஆங்கிலம் வரும். முப்பத்தொரு வருடம் தாலுகா ஆபீசில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு இதைவிடக் கேவலமான வியாதி கிடையாது.

ஓய்வு பெற்ற முதல் வருடம். மகள் ஜான்சி அரசு மருத்துவமனை நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்க இருப்பிடச் சான்றிதழ் வேண்டும். அன்றுதான் கடைசி நாள். ஆன்லைனில் போட்ட மனு அசையவில்லை. கேரள எல்லையில் இருக்கும் எங்கள் குமுளியிலிருந்து ஏலக்காய் மூட்டை ஏற்றிய ஜீப்பில் தொற்றிக்கொண்டு வில்லேஜ் ஆபீசுக்குப் போனோம். (எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். நாலு தலைமுறையாக இந்த மலையில் இருக்கிறோம். இன்னும் தாள் காட்டித்தான் ஊர்க்காரன் ஆக வேண்டும்!)

அங்கே டோக்கன் பதினெட்டுக்கு அடுத்து நாற்பதைக் கூப்பிட்டார்கள். பிரிண்டர் மேல் சோற்றுப் பாத்திரம். அடைத்த கவுன்டருக்கு முன்னால் ஒரு வரிசை. (ஏன் என்று கேட்டால், "முன்னால ஆள் நிக்காரு, நானும் நிக்கேன்" என்றார் ஒருவர்.)

புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். 'குழப்பம்' என்றால் யாருக்கும் உறைக்காது. அது எல்லார் வீட்டிலும் இருக்கிறது. 'கன்ஃபியூஷன்' என்றால் எனக்குத்தான் புரியவில்லை என்பார்கள். 'கேயாஸ்' என்பது உலகம் உண்டாவதற்கு முந்தைய நிலை. ஒழுங்கு என்ற ஒன்றே பிறக்காத நிலை. பெரிய எழுத்தில் எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

அந்த நேரம் பார்த்து ஜான்சியின் டோக்கன் வந்துவிட்டது. வில்லேஜ் ஆபீசர் அம்மா பேனாவைத் திறந்துவிட்டார்.

"முதலில் புகாரைப் பதிவு பண்ணுங்க. விதி அதுதான்" என்றேன்.

"சாரே, மோளுக்கு முதல்ல கையெழுத்துப் போட்டுத் தரேன். புகார் பின்னே பார்க்கலாம்."

ஜான்சி என் சட்டையை இழுத்தாள். "அப்பா, பேசாம இருங்கப்பா."

"விதி என்றால் விதி!"

அந்த அம்மா பேனாவை மூடினார். வேலையை நிறுத்திவிட்டு என் வாக்குமூலத்தை எழுத உட்கார்ந்தார். "கேயாஸ்னு எழுதியிருக்கு. யார் செய்தது? எத்தனை மணிக்கு? எவ்வளவு நேரம்?"

நான் விளக்கினேன், உலகத் தோற்றம் உட்பட. பின்னால் நின்ற வரிசைகள் உடைந்தன. "யோவ் பெரிசு, பாடம் நடத்தவா வந்தீரு? எங்க பொழப்பைக் கெடுக்கீரு!" ஒருவர் புத்தகத்தைப் பிடுங்க, நான் விடாமல் இழுக்க, கவுன்டர் கண்ணாடி விழுந்து நொறுங்கியது. மணி ஐந்து. ஷட்டரை இறக்கிவிட்டார்கள்.

சான்றிதழ் இல்லாமல் ஜான்சியின் விண்ணப்பம் போகவில்லை. அடுத்த அறிவிப்பு வர இரண்டு வருடம் ஆனது. (வேலை கிடைத்தது. இந்த முறை சான்றிதழ் வாங்கத் தன் அம்மாவோடு போனாள்.)

மூன்று மாதம் கழித்து எனக்குப் பதிவுத் தபால் வந்தது. கோபத்தோடு நாலு முறை படித்தேன். ஒரு நடைமுறைப் பிழைகூட அகப்படவில்லை. "புகார் விசாரிக்கப்பட்டது. அன்று அலுவலகத்தில் கேயாஸ் நிலவியது உண்மையே. காரணம்: புகார்தாரர்."

ஜான்சி அதை லேமினேட் செய்து சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறாள். இன்றைக்கும் கரண்ட் போனாலும் சரி, பால் பொங்கி வழிந்தாலும் சரி, என் வீட்டில் முதலில் எழும் கேள்வி: "புகார்தாரர் எங்கே?"