யானைக்குட்டிக்கு இரண்டு பக்கமும்

"ஒனக்கு வாயின்னு ஒன்னு இருக்கா இல்லியா புள்ள?"

ஸரீனா மிஸ் இப்படிக் கேட்டபோது ரஜிதா தலையை ஆட்டினாள். இருக்கிறது என்றுதான் ஆட்டினாள். அதையும் வாயால் சொல்லவில்லையே என்பதுதான் மிஸ்ஸின் வயிற்றெரிச்சல்.

எல்கடுவப் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளைக் காம்பராக்களை மேற்பார்க்க மாத்தளை டவுனிலிருந்து மலையேறி வருகிறவர் ஸரீனா மிஸ். அம்மாமார் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளையும் தவழ்வதுகளையும் பள்ளிக்கூடம் போகிற வயது வராத வாண்டுகளையும் விட்டுவிட்டுப் போகிற இடம்தான் பிள்ளைக் காம்பரா. மேல் டிவிசன் காம்பராவில் ரஜிதா தற்காலிகமாகப் பிள்ளை பார்க்கிறாள். பிள்ளைகளோடு மட்டும் இருந்தால் சிங்கம் போல உறுமுவாள், ரயில் போலக் கூவுவாள். பெரியவர்கள் யாராவது வாசலில் தலைகாட்டினால் போதும், நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். தமிழ்த் தினப் போட்டியில் பேச்சுக்கு அவள் பெயரைக் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட மறுநாளே பள்ளிக்கூடத்தை விட்டவள்.

"வெள்ளிக்கிழம தோட்டத்துப் புது மேனேஜர் தொரை வாறார். டீவியத் தொறந்து வைப்பார். ஒங்கிட்ட ஏதாவது கேப்பார். சத்தமா பதில் சொன்னா வேல நிரந்தரம். முழிச்சிக்கிட்டு நின்டா, பலாபத்வலயில வேறொரு புள்ள காத்திட்டிருக்கு. வெளங்கிச்சா?"

ரஜிதா மறுபடியும் தலையை ஆட்டினாள். மிஸ் நெற்றியில் கை வைத்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போனார்.

டீவி வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று அனுப்பியது. அகலமான புதுமாதிரி டீவி. கூடவே ஒரு டீவிடிப் படத் தட்டும் வந்திருந்தது. நிலாவைத் தொட ஆசைப்படும் யானைக்குட்டியின் கதை. தாத்தா காலத்துக்கும் முந்திக் கையால் வரைந்த கார்ட்டூன். அதன் கீறலையும் தூசியையும் ஒவ்வொரு சட்டமாகத் துடைத்துப் புதுசாக்கியிருந்தார்கள். ஆனால் அளவில் கை வைக்கவில்லை. அந்தக் காலத்துப் படம் அந்தக் காலத்துச் சதுரத்திலேயே டீவியின் நடுவில் ஓடியது. இடமும் வலமும் இரண்டு கறுப்புப் பட்டைகள்.

பிள்ளைகள் பட்டையைக் கவனிக்கவே இல்லை. கவனித்தவர்கள் தலைவர்கள்.

மேல் டிவிசனுக்கு இரண்டு யூனியன், இரண்டு தலைவர்கள். கணபதி தலைவர் உட்கார்ந்தால் பெஞ்சில் இன்னொருவருக்கு இடமிருக்காது. யோகேந்திரன் தலைவரின் தொந்தியும் அதற்குச் சளைத்ததல்ல. டீவி வந்தது தன் கடிதத்தால்தான் என்று இருவருமே சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். ஒருவர் வந்த வாசலால் மற்றவர் போக மாட்டார்.

"டீவி பெருசு, படம் சின்னது. மிச்சத்த எவனோ வெட்டிக்கிட்டான்," என்றார் கணபதி. "தொரை முன்னுக்கு இப்படியா காட்றது?"

"அது... படமே அப்பிடித்தாங்க..." என்று ரஜிதா தன் பாவாடையிடம் சொன்னாள்.

"ரிமோட்டக் கொண்டா."

கணபதி அமுக்கினார். படம் இரண்டு பக்கமும் இழுபட்டு டீவியை நிறைத்தது. யானைக்குட்டி ஒரே நொடியில் கிழட்டு யானையாகப் பருத்தது. நிலா மிதிபட்ட ரொட்டியாகத் தட்டையானது.

"டீச்சர், யானக்கி வயிறு ஊதிப்போச்சு!" என்று ஒரு வாண்டு வீறிட்டு அழுதது.

"நீங்க கை வச்சா எதுதான் ஊதாது?" என்று சொல்லி யோகேந்திரன் ரிமோட்டைப் பிடுங்கினார். அவர் அமுக்கியதில் படம் முன்னுக்கு வந்தது. பட்டை போய்விட்டது. கூடவே யானையின் காலும், தும்பிக்கையின் நுனியும், நிலாவும் போய்விட்டன. ஒன்றுமில்லாத ஆகாயத்தைப் பார்த்து யானைக்குட்டி ஏங்கியது. இப்போது இன்னும் மூன்று பிள்ளைகள் அழுதார்கள்.

ரஜிதா மெல்ல ரிமோட்டை வாங்கிப் படத்தைப் பழையபடி சதுரமாக்கினாள். அழுகை நின்றது. கறுப்புப் பட்டைகள் திரும்பி வந்தன.

கணபதி அந்தப் பட்டைகளையே உற்றுப் பார்த்தார். தோட்டத்தில் கோயில் திருவிழாவுக்குப் பேனர் அடித்தாலும் கிரிக்கெட் மெட்சுக்கு அடித்தாலும் நடுவில் விஷயம் இருக்கும், இரண்டு ஓரத்திலும் தலைவர்கள் இருப்பார்கள். அவர் முகம் மலர்ந்தது.

"இந்த எடம் எதுக்கு விட்டிருக்காங்கன்னு இப்பதான் வெளங்குது!"

யோகேந்திரனுக்கும் வெளங்கிவிட்டது. இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

மறுநாளே இரண்டு பேரும் தனித்தனி ஆட்டோவில் மாத்தளைக்குப் போய், ஒரே கடையில், பழைய கல்யாணக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் போட்டோக்களைக் கொடுத்தார்கள். பட்டையோ ஒரு சாண் அகலமும் இல்லை, உயரம் மட்டும் ஒரு முழத்துக்கு மேல். தலைவர்களின் முகங்களோ முழுநிலா. ஓரத்தை வெட்டினால் காது போகும் என்றான் கடைக்காரன். காது வேண்டும் என்றார்கள். சரியென்று அவன் மேலுக்கும் கீழுக்கும் இழுத்து அளவுக்குக் கொண்டுவந்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் போட்டோக்கள் வந்தன. காம்பராவில் கஞ்சி காய்ச்சும் காத்தாயி அக்கா ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"யாருங்க தலைவரே இது, பாவம்?"

"நல்லா முழிச்சிப் பாரு. நான்தான்!" என்றார் கணபதி.

"அப்பிடிங்களா... கன்னம் கொஞ்சம் எறங்கியிருக்கு."

"வூட்டுல ஒல்லியா அழகா இருக்குன்னாங்க," என்றார் அவர், கொஞ்சம் வெட்கத்தோடு.

செலோடேப் போட்டு ஒட்டினார்கள். இடது பட்டையில் கணபதி, வலது பட்டையில் யோகேந்திரன். ஒத்திகைக்காக ரஜிதா படத் தட்டைப் போட்டாள். தொடக்கத்தில், படத்தை எப்படித் துடைத்தார்கள் என்று காட்டுகிற ஒரு சின்னத் துண்டு வந்தது. திரையின் நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு இடது பக்கம் துடைக்காத பழைய படம், ஒரே கீறல், ஒரே மங்கல். வலது பக்கம் பளிச்சென்ற புதுப் படம்.

கணபதி எழுந்துவிட்டார். "ஏய், என் பக்கம் மட்டும் ஏன் மழ பெய்யுது?"

"ஒங்க ஆளுங்க லயத்து வூட்டுல கூரை ஒழுகுதுன்னு நான் அப்பவே சொன்னேன்ல," என்றார் யோகேந்திரன்.

"இது ஒங்க வேல! பக்கத்த மாத்து!"

பக்கம் மாற்றினார்கள். யோகேந்திரன் தன் தலைக்குப் பக்கத்தில் மழை பெய்வதைப் பார்த்துவிட்டு மறுபடி மாற்றச் சொன்னார். அந்தத் துண்டையே தாண்டிப் போகலாம் என்று ரஜிதா செய்து காட்டுவதற்குள், ஒட்டியும் பிய்த்தும் செலோடேப்பின் பசையெல்லாம் போய்விட்டது. போட்டோக்கள் தலை குனிய ஆரம்பித்தன. இருந்த டேப்பையெல்லாம் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியதில் பார்க்கக் கண்ணராவியாகிவிட்டது.

"இருங்க, மறைச்சிருவோம்," என்றாள் காத்தாயி அக்கா. தலைவர்களின் கழுத்தில் போடவென்று வாங்கி வைத்திருந்த இரண்டு மாலைகளை எடுத்து, ஆளுக்கொன்றாய்ப் போட்டோவில் போட்டாள். டேப் மறைந்தது. மேசையின் கறையை மறைக்க ஒரு வெள்ளைத் துணி விரித்தாள். காம்பராவில் எப்போதும் இருக்கிற மூத்திர வாடைக்கு ஒரு கொத்து ஊதுபத்தி கொளுத்தினாள். தொரை ஏற்றட்டும் என்று முன்னால் குத்துவிளக்கும் வைத்தாள்.

ரஜிதா படத்தை ஓரிடத்தில் நிறுத்தி வைத்தாள். தொரை வந்ததும் அங்கிருந்து ஓடவிட வேண்டும். கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீரோடு யானைக்குட்டி நிலாவைப் பார்த்துத் தும்பிக்கையை உயர்த்தும் இடம். அவளுக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

நிறுத்திவிட்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தாள். பார்த்ததும் தலைவர்களிடம் ஓடி வந்தாள்.

"தலைவரு... இத... இது பார்க்கிறதுக்கு..."

"இப்பதானா ஒனக்கு வாய் வந்திச்சி?" என்று பாய்ந்தார் கணபதி. "ஜீப் ஏறி வருது பாரு! போய்ப் புள்ளைகள வரிசையா ஒக்கார வை!"

ஜீப்பின் பின்னால் இருந்து ஸரீனா மிஸ் இறங்கினார். முன்னால் இருந்து புதுத் தொரை இறங்கினார். தோட்டத்துக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாத மனிதர், மேல் டிவிசனுக்கு இதுதான் முதல் வரவு. வாசலில் மிஸ் ரஜிதாவின் காதில் "சத்தமா" என்றார். இரண்டு தலைவர்களும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அவரவர் வாசலால் உள்ளே வந்து தொரையின் முதுகுக்குப் பின்னால் இடம் பிடித்தார்கள்.

தொரை நேரே டீவிக்கு முன்னால் போனார். நின்றார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். விளக்கை ஏற்றிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றார்.

ஸரீனா மிஸ்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் தலையைக் குனிந்தார். காத்தாயி அக்காவும் குனிந்தாள். தேசிய கீதமாக்கும் என்று பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். டீவியைத் திறக்கத் தொரை கும்பிடுகிறார் என்று நினைத்த கணபதி குனிந்தார். அவரைவிட ஒரு விரல் கூடக் குனிந்தார் யோகேந்திரன். அதைக் கடைக்கண்ணால் பார்த்த கணபதி, தொந்தி இடம் கொடுத்தவரைக்கும் இன்னும் குனிந்தார். காம்பராவில் ஊதுபத்திப் புகை மட்டும் அசைந்தது.

ஒரு நிமிடம் கழித்துத் தொரை நிமிர்ந்தார். ரஜிதாவின் பக்கம் திரும்பி, சாவு வீட்டில் பேசுகிற மாதிரி மெதுவாகக் கேட்டார்:

"ரெண்டு பேரும் ஒரே நாள்லயா போனாங்க? ரொம்பத்தான் மெலிஞ்சி போயிருக்காங்களே... சாப்பாடு எறங்காத நோய் வருத்தமா?"

காம்பராவே ரஜிதாவின் வாயைப் பார்த்தது. ஸரீனா மிஸ்ஸின் கண்கள் பிதுங்கின. ரஜிதா திரையில் நின்ற யானைக்குட்டியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, பிள்ளைகளுக்கு ரயில் கூவிக் காட்டுகிற அதே தொண்டையில், கீழ் லயம் வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"இல்லீங்க சேர்! ரெண்டு பேரும் ஒங்க பின்னாலதான் நிக்கிறாங்க!"

தொரை ஒரு துள்ளுத் துள்ளித் திரும்பினார். எதிரே இரண்டு தொந்திகள் இன்னும் குனிந்தபடி நின்றன. அவர் தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

"மிஸ்," என்றார், மூச்சு வந்ததும். "இந்தப் புள்ளயே இருக்கட்டும். உள்ளத உள்ளபடி சொல்லுது."

கணபதி தலைவர் மெல்ல நிமிர்ந்து போய் இடது பட்டையில் இருந்த தன்னைப் பிய்த்தெடுத்தார். யோகேந்திரன் தலைவர் வலது பட்டையில் இருந்த தன்னைப் பிய்த்தெடுத்தார். நடுவில் யானைக்குட்டியும், இரண்டு பக்கமும் வெறும் கறுப்பும் மிஞ்சின. ஆளுக்கொரு மாலையும் போட்டோவும் கையுமாக, மேல் டிவிசன் சரித்திரத்திலேயே முதல் தடவையாக, இருவரும் ஒரே வாசலால் வெளியே போனார்கள்.