காபி ஆவியில் நிமிர்ந்த சுருட்டு

சுருட்டு கோணலாக இருந்ததால் புகை வளைந்து வந்து எவெலியோவின் இடது கண்ணிலேயே இறங்கியது. அவருக்குத் தாரை தாரையாகக் கண்ணீர்.

"பொண்ணு கல்யாணம் பேச வர்ற நாள்ல எதுக்குங்க அழுவுறீங்க?" என்றாள் மனைவி ஒர்ட்டென்சியா.

"புகைடி!"

"வர்றவங்க பாத்தா என்ன நெனைப்பாங்க? கொடுங்க அந்தப் பன்னி வாலை!" என்று பிடுங்கிக் கொல்லையில் இருந்த பன்றிக்கே போட்டுவிட்டாள்.

ஹவானாவில் அவர் சுருட்டு சுற்றும் ஆலையில் ஆளுக்குத் தினமும் மூன்று சுருட்டு இலவசம். ஆனால் மூன்றையும் ஈரத்தோடு சடை மாதிரிப் பின்னிக் காயவைத்துத்தான் கொடுப்பார்கள். பிரித்தால் ஒவ்வொன்றும் பாம்பாக நெளியும். நேரான சுருட்டு விற்பனைக்கு மட்டும். வேலைக்காரன் வாயில் அது இருந்தால் திருட்டு, வேலை அன்றோடு சரி.

'ஞாயித்துக்கிழமை, என் வீடு, எவன் பாக்கப் போறான்?' என்று நினைத்த எவெலியோ, மிச்சமிருந்த இரண்டையும் காபிப் பாத்திரத்து ஆவியில் காட்டி, பதமாக உருட்டி நிமிர்த்தினார். ஒன்றைப் பற்றவைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாகப் புகை கண்ணை விட்டு விலகிப் போனது. என்ன சுகம்!

கதவு தட்டப்பட்டது. மாப்பிள்ளைக்குப் பெற்றோர் இல்லை, தாய்மாமாவும் அத்தையும் வருவார்கள் என்பது மட்டும்தான் எவெலியோவுக்குத் தெரியும். அந்தத் தாய்மாமா, ஆலை வாசலில் தினமும் வேலைக்காரர்களின் சட்டைப்பையைத் தடவிச் சோதிக்கும் மேஸ்திரி பிரிமிதீவோ என்பது இப்போதுதான் தெரிந்தது. அவர் வாயில் விதிமுறைப்படி கோணல் சுருட்டு.

எவெலியோ கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சுருட்டை வளைக்கப் பார்த்தார். அது உடைந்தது. இரண்டு துண்டையும் பாக்கெட்டில் திணித்தார்.

"என்னய்யா, உன் கால்சட்டை புகையுது?"

"வெயில் ஜாஸ்திங்க..."

தொடை சுட்டதும் எவெலியோ துள்ளினார். துண்டுகள் தரையில் விழுந்தன. நிலைமையைச் சமாளிக்க நினைத்த ஒர்ட்டென்சியா, மிச்சமிருந்த நேர்ச் சுருட்டைத் தட்டில் வைத்து நீட்டினாள்.

"எடுத்துக்கோங்க அண்ணே, எங்க வீட்ல இதுக்குக் கொறைச்சலே இல்ல!"

பிரிமிதீவோவின் முகம் சிவந்தது. "கொறைச்சலே இல்லையா?"

"ஐயோ, கோணல் சுருட்டுதாங்க! காபி ஆவில நான்தான் நிமித்தினேன்!" என்று எவெலியோ கதறினார்.

"கோணல் எங்க? ஒண்ணு காட்டு."

"பன்னி தின்னுடுச்சுங்க."

பிரிமிதீவோ தொப்பியை மாட்டிக்கொண்டார். "நாளைக்கு நீ வேலைக்கு வராத. இந்தச் சம்பந்தமும் வேணாம். யூலாலியா, கெளம்பு!"

உள்ளே மகள் மிர்த்தா விசும்பினாள்.

மேஸ்திரியின் மனைவி யூலாலியா மட்டும் அசையவில்லை. தட்டில் இருந்த சுருட்டை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒர்ட்டென்சியா, ஆவியில காட்டினா சுருட்டை வளைக்கவும் முடியுமாம்மா?"

பிரிமிதீவோ சட்டென்று தொப்பியைக் கழற்றினார். "சம்பந்தி, காபி போடச் சொல்லுங்க," என்று உட்கார்ந்தார். ஏன் எதற்கென்று புரியாவிட்டாலும் எவெலியோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

யூலாலியா விடவில்லை. "இல்ல, இவர் தெனமும் கொண்டுவர்ற நேர்ச் சுருட்டையெல்லாம் ஈரத்துணியில சுத்திக் கோணலாக்குறதுக்குள்ள, என் விரலே கோணிப்போகுதும்மா!"