அத்திம்பேரின் மௌனத்தை வெட்டிய விவரம்

அத்திம்பேர் ஸ்ரீ ஸௌந்தரராஜன் அவர்களுக்கு, இருங்காட்டுக்கோட்டை வாடகை அறையிலிருந்து மைத்துனன் ஜனார்தன் தெண்டனிட்டு எழுதுவது. இங்கே நான் க்ஷேமமாக இல்லை. அங்கே நீங்கள் க்ஷேமமாக இருந்தால், அது இதைப் படித்து முடிக்கும் வரைதான். ஃபோனில் சொல்லியிருக்கலாம்; அக்கா ஸுப்ரஜா, "ஸ்பீக்கர்ல போடுங்கோ" என்பாள். அதனால்தான் பேப்பர்.

உங்கள் பாட்டுப் பெட்டி, சட்டைப்பையில் போட்டுக்கொள்கிற அந்த எம்.பி.3 பிளேயர் விஷயம். உங்கள் கம்பெனி கேட்டில் ஃபோனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று, டீ பிரேக்கில் மார்கழிப் பாசுரம் நெட்டுருப் போட அக்கா தன் குரலில் பதிந்து கொடுத்தாளே, அதேதான். "வரிசை மாறிக் கிடக்குடா, நீ என்ஜினியராச்சே, ஒரு நிமிஷ வேலை" என்று நீட்டினீர்கள். பாட்டை நேராகக் கொட்டினால் பெட்டி கண்டுகொள்ளாது; உள்ளே இருக்கிற டேட்டாபேஸில் பெயர் ஏறினால்தான் பாடும். அதைத் திருத்த நெட்டில் ஒரு இலவச மென்பொருள் கிடைத்தது. பட்டன் கிடையாது, படம் கிடையாது, கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டும். புதுப் பெட்டிக்கு உரிய கட்டளையைப் பழைய பெட்டிக்குத் தட்டிவிட்டேன். 'பாட்டு எதுவும் இல்லை' என்றது. பாட்டெல்லாம் உள்ளேதான் இருக்கிறது, டேட்டாபேஸை மட்டும் துடைத்துப் போட்டிருக்கிறது. வியர்த்துக் கொட்டி, ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றி, வரிசையும் சரி செய்தேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

கேட்டுப் பார்த்தால் அக்கா ஒரு வரி சொல்கிறாள், அப்புறம் நீளமாக மௌனம். மறுபடி ஒரு வரி, மறுபடி மௌனம். எங்கள் ஃபாக்டரி லைனில் இப்படிச் சும்மா நின்றால் சூப்பர்வைசர் தோலை உரிப்பார். பதிவில் கோளாறு என்று, சத்தமில்லாத இடத்தையெல்லாம் வெட்டுகிற கட்டளையை மொத்தமாக ஓட்டிவிட்டேன். பழசின் மேலேயே எழுதிவிட்டது. அறை நண்பன் ஜெபகுமார், வடக்குப்பட்டுக்காரன், காதில் மாட்டிப் பார்த்தான்.

"இன்னாடா, உங்க அக்கா மூச்சே வுடாம ஓடிகினு கீறாங்க? கம்பெனி பஸ்ஸை வுட்டுட்டாங்களா?"

"நடுவுல கேப் இருந்தது, வேஸ்ட்டுன்னு வெட்டிட்டேன்."

"டேய் லூசு, எங்க கொயர்லயே பாஸ்டரம்மா ஒரு வரி பாடி நிறுத்துவாங்க. நாம திருப்பிப் பாடறதுக்குடா அது!"

குரு ஒரு தடவை, சிஷ்யன் இரண்டு தடவை; அதுதானே சந்தை. சந்தை சொல்கிற வீட்டில் பிறந்த எனக்கு இது உறைக்கவில்லை. அத்திம்பேர், நான் வெட்டியது உங்களை. அடுத்த வாரம் மார்கழி. மாப்பிள்ளை கோவிலில் பாசுரம் சொல்கிற கோஷ்டியில் நிற்கிறார் என்று அப்பா சன்னதி முழுக்கச் சொல்லியாகிவிட்டது. உங்களுக்கோ ஆறாவது பாசுரம் தாண்டவில்லை. இனி எதை வைத்துக் கற்றுக்கொள்வீர்கள்? பெட்டி பஸ்ஸில் தொலைந்தது என்று அக்காவிடம் சொல்லிவிடுங்கள், காலில் விழுகிறேன்.

குழந்தை ஜாஹ்னவிக்கு என் ஆசிகள். உடையவர் உங்களைக் காப்பாற்றட்டும்; என்னை அவராலும் முடியாது.

இப்படிக்கு,
ஜனார்தன்

பி.கு.: உறையில் போடுவதற்குள் அக்கா புளியோதரை டப்பாவோடு வந்து கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். "அசடே, ஒரிஜினல் என் ஃபோன்ல பத்திரமா இருக்கு" என்றாள். எனக்கு உயிர் வந்தது. "ஆனா தரப்போறதில்லை. பொட்டின்னா ஆஃப் பண்ணிட்டுத் தூங்கிடறார். நாளைக்குக் கார்த்தாலேர்ந்து நானே எதிர்ல உக்காந்து சொல்லித் தரேன். ஆஃப் பண்ணட்டும், பார்க்கலாம்" என்றாள். ஆகவே பஸ்ஸில் தொலைந்த கதை வேண்டாம். இதை உங்களிடம் கொடுப்பதும் அவள்தான். படித்ததும் நிமிர்ந்து பார்க்காமல், ஏழாவது பாசுரத்தை ஆரம்பித்துவிடுங்கள்.