முட்டித் தைலத்தில் ஒரு பட்டர்ஃப்ளை

நான் சொல்லப்போவதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சத்தியம்! பொய் என்று எவராவது நிரூபித்துவிட்டால் இன்றிலிருந்து என் காப்பியில் சர்க்கரையே போட வேண்டாம். டாக்டர் ஏற்கெனவே நிறுத்திவிட்டார் என்பது வேறு விஷயம். சத்தியம் சத்தியம்தான்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. தேக்காவுக்குப் போய், என் மனைவி கமலாவின் முட்டிவலிக்கு ஒரு பாட்டில் தைலம் வாங்கி வர வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் பேட்டையான பிடோக்கில் ரயில் ஏறினேன். தேக்கா இருக்கிற லிட்டில் இந்தியாவில் இறங்கினேன். நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். இதுவரை எந்தத் தவறும் நடக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைக்கார அக்கா சிவப்பாக ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார்.

"இது ரொம்ப ஸ்ட்ராங்குண்ணே. மூணே மூணு சொட்டு. தேங்காண்ணெயில கலந்து தேய்க்கச் சொல்லுங்க."

"நாலு சொட்டு போட்டா?"

"உங்க வீட்டு முட்டி, உங்க இஷ்டம்."

அப்போதுதான் ஃபோன் அடித்தது. அடித்தவர் ராஜகோபால்.

ராஜகோபால் யார் என்று சொல்லிவிடுகிறேன். பிடோக் பக்கத்து நீச்சல் குளத்தில் தினமும் காலையில் நீந்தும் கிழட்டுக் கூட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கு அவர் கேப்டன். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவரிடம் ஸ்டாப்வாட்ச் இருந்தது, கேப்டன் ஆகிவிட்டார்.

எங்கள் கூட்டத்தில் ஒருவர் நீந்துவதைப் பார்த்தே அவர் குணத்தைச் சொல்லிவிடலாம். ராஜகோபால் ஃப்ரீஸ்டைல். எப்போதும் அவசரம். எங்கே போகிறார் என்று அவருக்கே தெரியாது, ஆனால் முதலில் போய்ச் சேர வேண்டும். பீட்டர் டான் மல்லாந்த நீச்சல். வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்து அடுத்தவர் மண்டையில் முட்டிவிட்டு, "சாரி லா!" என்பார். எங்கள் ஊரில் எல்லாப் பேச்சுக்கும் வால் அந்த 'லா'தான். மீனாட்சிக்குத் தவளை நீச்சல். தலை தண்ணீருக்கு மேலே இருக்கும், வாயும் மேலே இருக்கும். முதல் நீளத்தில் மீன் விலை, இரண்டாவது நீளத்தில் மருமகள்.

பட்டர்ஃப்ளை ஒரே ஒருவர்தான். ஹசான்.

ஹசானைத் தரையில் பார்த்தால் நம்மைப்போல இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஆள். தண்ணீரில் இறங்கினால் வேறு ஆள். இரண்டு கையும் ஒன்றாக மேலே எழும். நெஞ்சு எழும். ஒரு நொடி அந்த மனிதனுக்கு வயதே கிடையாது. குளத்தில் இருக்கிற அத்தனை பேரும் நீந்துவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். மற்ற நீச்சலெல்லாம் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போக. பட்டர்ஃப்ளை மட்டும்தான் ஊரே பார்க்கப் போவது.

ஊர் பார்க்கிற விஷயம் ஒன்று இருந்தால் அதில் நான் இல்லாமல் இருக்க முடியுமா?

அதனால்தான் குளத்துக்குப் பக்கத்துக் காப்பிக்கடை மேசையில் பன்னிரண்டு வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன்: "இளவயசுல நான் பட்டர்ஃப்ளைதான். ஒருநாள் பாசிர் பாஞ்சாங் கடல்ல அடிச்சுக்கிட்டுப் போறேன், ரெண்டு டால்பின் பக்கத்துல வந்து, 'மாஸ்டர், கைய எப்படி வீசுறது'ன்னு கேக்குற மாதிரியே பாக்குதுங்க!"

"இப்ப ஏன் அடிக்கிறதில்ல?" என்று யாராவது கேட்டால், "ஹசான் மனசு கஷ்டப்படும்," என்பேன்.

உண்மையில் எனக்குத் தெரிந்தது தவளை நீச்சல் ஒன்றுதான். அதையும் தவளை பார்த்தால் வழக்குப் போடும்.

இப்போது ஃபோனுக்கு வருவோம்.

"வேலு! நாளைக்குக் காலையில புக்கிட் பாத்தோக் கோஷ்டி நம்மகூட ரிலே போட்டிக்கு வர்றாங்கல்ல? நம்ம ஹசானுக்குத் தோள் பிடிச்சுக்கிச்சு. பட்டர்ஃப்ளை நீங்கதான்."

"எனக்கும் தோள்…"

"ஹசானே சொல்லிட்டாரு. 'மனசு கஷ்டப்பட மாட்டேன்'னு சொல்லச் சொன்னாரு."

வைத்துவிட்டார்.

நான் கடை வாசலிலேயே நின்றேன். பயம் தோல்வியைப் பற்றி இல்லை. நாளை நான் மூழ்கினால் கூடவே அந்த இரண்டு டால்பினும் மூழ்கும். டால்பின் போனால் அடுத்து, புக்கிட் தீமா காட்டில் நான் குடையை விரித்து விரட்டிய புலி போகும். புலி போனால் அந்த மேசையில் நான் வெறும் சர்க்கரை இல்லாத காப்பி குடிக்கும் கிழவன். பன்னிரண்டு வருட உழைப்பு ஐயா!

கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தேன். மூளை வேலை செய்தது. என் மூளை வேலை செய்தால் யாருக்கும் நல்லதில்லை.

போன மாதம் ஒருவர் தலையில் எண்ணெய் வழிய வழிய வந்தபோது லைஃப்கார்ட் ரஹீம் அவரைக் குளத்தில் இறங்கவே விடவில்லை. எண்ணெயோடு போனால் என்னையும் விடமாட்டார்! "எனக்கு நீந்த ஆசைதான், சட்டம் விடலையே," என்று கண் கலங்க நிற்கலாம். டால்பின் பிழைக்கும்!

வீட்டுக்குப் போனதும் கமலா கை நீட்டினாள்.

"தைலம்?"

"ஸ்டாக் இல்லையாம். நாளைக்கு வருமாம்."

"சரி. நாளைக்கு நீங்கதான் பட்டர்ஃப்ளையாமே? மீனாட்சி ஃபோன் பண்ணினா. கல்யாணமாகி நாப்பத்து நாலு வருஷத்துல நான் பாத்ததே இல்ல. நானும் வர்றேன்."

"முட்டிவலியோடயா?"

"இதைப் பாக்க நான் தவழ்ந்துகூட வருவேன்."

சனிக்கிழமை காலை. குளத்தில் இரண்டு கோஷ்டியும் கூடிவிட்டது. கமலா காப்பி ஃபிளாஸ்கோடு முதல் படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் உடை மாற்றும் அறைக்குள் போனேன். பாட்டிலைத் திறந்தேன்.

மூன்று சொட்டு பட்டால் யார் கண்ணுக்குத் தெரியும்? பளபளக்க வேண்டாமா? முழுப் பாட்டிலையும் கவிழ்த்தேன். தோள், முதுகு, இடுப்பு. முதுகில் ஊற்றியது அங்கேயே நிற்குமா? கீழே இறங்கி, நீச்சல் கால்சட்டைக்குள் போய், தன் வழியைப் பார்த்துக்கொண்டது.

முதல் ஐந்து நிமிடம் ஜிலுஜிலுவென்று இருந்தது. இந்த அக்கா சும்மா பயமுறுத்தியிருக்கிறார் என்று நினைத்தேன்.

மின்னிக்கொண்டு ரஹீம் முன்னால் போய் நின்றேன். அன்று நடுவரும் அவர்தான்.

"ரஹீம், பாருங்க. உடம்பெல்லாம் எண்ணெய். மறந்துட்டேன். இனி இறங்க முடியாதுல்ல?"

"எண்ணெயோட இறங்க முடியாது அங்கிள்."

"ஐயோ! ரூல் ரூல்தான்!"

"சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க லா. பத்து நிமிஷம் வெயிட் பண்றோம்."

நான் இதை யோசிக்கவில்லை! பன்னிரண்டு வருடமாக அந்தக் குளத்தில் குளிக்கும் நான், அங்கே குளியலறை இருக்கிறது என்பதை மறந்துவிட்டேன்.

ராஜகோபால் ஒரு கையைப் பிடித்தார், பீட்டர் மறு கையைப் பிடித்தார். ஷவருக்கு அடியில் நிறுத்தி, முரட்டுத் துண்டால் சட்டி கழுவுவதுபோல் தேய்த்தார்கள்.

"என்ன எண்ணெய் லா இது? என் கண்ணே எரியுது!" என்றார் பீட்டர்.

"அழுத்தித் தேய்ங்க பீட்டர். நம்ம பட்டர்ஃப்ளை!" என்றார் ராஜகோபால்.

எண்ணெய் போனது. அதற்குள் இருந்த சரக்கு போகவில்லை. தோலுக்குள் குடியேறிவிட்டது. முதுகுத் தண்டில் ஒரு சின்னப் பொறி. பிறகு இடுப்பில் ஒன்று. பிறகு, கீழே.

விசில் அடித்தது. பீட்டர் மல்லாந்து கிளம்பினார். அதிசயமாக யார் மண்டையும் உடையவில்லை. அடுத்து மீனாட்சி, பக்கத்து லேனில் வந்த புக்கிட் பாத்தோக் அம்மாவிடம் வீடு எந்த அடுக்குமாடி புளோக் என்று விசாரித்துக்கொண்டே வந்தாள். நான் மேடையில் நின்றேன். பார்க்கிறவர்களுக்கு நான் துடிப்போடு காத்திருப்பதாகத் தெரிந்திருக்கும். உண்மையில் நான் ஒரே இடத்தில் நிற்க முடியாமல் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தீங்களா? வார்ம் அப்!" என்றார் யாரோ.

மீனாட்சியின் கை சுவரைத் தொட்டது. குதித்தேன்.

ஒரு விநாடி சொர்க்கம். குளிர்ந்த தண்ணீர். அப்பாடா!

இரண்டாவது விநாடி, அந்தச் சிவப்பு பாட்டிலில் இருந்த அத்தனையும் ஒன்றாகக் கண் விழித்தது.

எரிச்சல் என்று சொன்னால் அந்த வார்த்தைக்கே அவமானம். முதுகுக்கு நெருப்பிலிருந்து தப்ப வேண்டும், அதனால் உடம்பு மேலே எகிறியது. இடுப்புக்கும் தப்ப வேண்டும், அதனால் அது பின்னாலேயே எகிறியது. கால் இரண்டையும் ஏன் சேர்த்து இறுக்கிக்கொண்டேன் என்பதை விளக்க மாட்டேன், கால்சட்டைக்குள் போன தைலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கைகள் இரண்டும் வானத்தை நோக்கி, "ஐயோ!" என்று ஒன்றாக வீசின.

மேலே, கீழே. "ஐயோ!" மேலே, கீழே. "அம்மா!"

கரையில் ஆரவாரம்!

"அடேங்கப்பா, வேலண்ணே!"

"அந்த இடுப்பைப் பாரு! அந்த இடுப்பைப் பாரு!"

நடுவில் ஒரு தடவை நான் தண்ணீருக்கு மேலே எழுந்தேன். நெஞ்சு வரைக்கும் எழுந்தேன். எதிர் புளோக்கில் ஏழாவது மாடியில் காயும் துணி தெரிந்தது. ஹசான் தினமும் பார்ப்பது இதைத்தான் போலிருக்கிறது என்று தோன்றியது. எனக்கும் அந்த ஒரு நொடி வயதே இல்லை. எரிச்சல் மட்டும்தான் இருந்தது.

இருபத்தைந்து மீட்டர். எதிராளி பாதியில் இருக்கும்போதே நான் சுவரைத் தொட்டுவிட்டேன். தொட்ட வேகத்தில் என் தலைக்கு மேலே ஒருவர் பாய்ந்து ஃப்ரீஸ்டைலில் கிளம்பினார்.

ஜெயித்துவிட்டோம்! தலையை உயர்த்திப் பார்த்தேன்.

பக்கத்து லேன் மேடையில் ராஜகோபால் இன்னும் நின்றுகொண்டிருந்தார். ஸ்டாப்வாட்ச்சோடு. என்னையே பார்த்தபடி.

எங்களுக்கு மூன்றாவது லேன். நான் தொட்டது நான்காவது லேன். அந்தத் துணியைப் பார்த்த பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வந்ததில் கயிற்றுக்கு அடியில் எப்போது புகுந்தேன் என்று இன்றுவரை தெரியாது. பாய்ந்து போனது புக்கிட் பாத்தோக் ஆள். ஈரத் தலை ஒன்று வந்து சுவரைத் தொட்டது, அவர் கிளம்பிவிட்டார். அவர்களுடைய சொந்த பட்டர்ஃப்ளை ஆள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது மேடை காலி.

"நான் இன்னும் வரவே இல்லையே! அவரு எங்க போறாரு?" என்று கத்தினார்.

ரஹீம் நீளமாக விசில் ஊதினார். "ரெண்டு டீமும் அவுட்!"

நான் தீர்ப்பைக் கேட்க நிற்கவில்லை. ஏணியில் ஏறி ஷவருக்கு ஓடினேன். கால் மணி நேரம் பச்சைத் தண்ணீரில் நின்றேன். முகத்தை என்ன செய்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வெளியே வந்தேன்.

புக்கிட் பாத்தோக் கேப்டன் சுந்தரம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, லேன் மாறினா என்ன? அந்த இடுப்பு வளைவு! எங்கண்ணே கத்துக்கிட்டீங்க?"

சுற்றிலும் பார்த்தேன். ஹசானே வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

நெஞ்சை நிமிர்த்தினேன். "டால்பின்கிட்ட," என்றேன்.

"நான் சொல்லல?" என்று ராஜகோபால் எல்லாரையும் பார்த்தார். "இவரு டால்பின் கதையை நான் ஒருத்தன்தான் நம்பினேன்!" அவர்தான் பன்னிரண்டு வருடமாக நம்பாத ஆள்.

பரிசுக்கு வைத்திருந்த பிஸ்கட் டின்னை இரண்டு கோஷ்டியும் சேர்ந்து காப்பிக்கடையில் காலி செய்தோம். அடுத்த மாதம் புக்கிட் பாத்தோக்கில் மறுபோட்டி என்று முடிவானது. பட்டர்ஃப்ளை யார் என்று யாரும் கேட்கவே இல்லை.

கமலா தன் ஃபிளாஸ்கிலிருந்து எனக்குக் காப்பி ஊற்றினாள். கப்பை என் கையில் கொடுக்கும்போது குனிந்து, என் தோளை ஒரு தடவை மோந்து பார்த்தாள்.

"ஸ்டாக் வந்துடுச்சு போல," என்றாள்.

அவ்வளவுதான். யாரிடமும் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவது நான்.

திங்கட்கிழமை மறுபடியும் தேக்காவுக்குப் போனேன்.

"என்னண்ணே, அதுக்குள்ள தீந்துடுச்சா?" என்றார் கடைக்கார அக்கா. "வீட்டுல முட்டி எப்படி இருக்கு?"

"முட்டி அப்படியேதான் இருக்கு. ரெண்டு பாட்டில் கொடுங்க."

"ரெண்டா? எதுக்கு?"

"ஒண்ணு கமலாவுக்கு. ஒண்ணு புக்கிட் பாத்தோக்குக்கு."

இவ்வளவையும் உங்களை நம்பிச் சொல்லியிருக்கிறேன். பிடோக் பக்கம் வந்து அந்த மேசையில் உட்கார்ந்தால், டால்பினைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். தைலத்தைப் பற்றி வாய் தவறி வந்துவிட்டால், சொன்னது ஹசான் என்று சொல்லிவிடுங்கள். அவர் மனசு கஷ்டப்பட மாட்டார்.