ரெண்டு சீட்டு வக்கீல்

தன் மேலேயே கேஸ் போட்டு, இரண்டு பக்கமும் தானே வாதாடி, தானே தோற்று, தோற்ற கையோடு அப்பீலுக்கும் போன வக்கீல் பெரம்பலூர் தாலுகாவில் ஒருவர்தான் இருந்தார். உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார். அவரிடம் நான் குமாஸ்தா. ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. ரெண்டு சீட்டு வக்கீல் என்றால் கைக்குழந்தைகூட வீட்டைக் காட்டும்.

இந்தப் பெயர் வந்தது யுத்தம் முடிந்ததற்கு அடுத்த வருஷம். திருச்சியில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி தன்னுடைய பந்தயக் காரை விற்கப்போகிறான் என்று அவர் காதில் யாரோ போட்டுவிட்டார்கள். சிவப்புக் கார். கூரை இல்லை. இருப்பதே இரண்டு சீட்டு. மணிக்குத் தொண்ணூறு மைல் போகுமாம். அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் ஒரு குடை வாங்குவதென்றாலும் இருதரப்பு வாதத்தையும் கேட்காமல் வாங்குகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. சாயங்காலம் கட்சிக்காரர்கள் போனதும் ஆபீஸ் கதவைச் சாத்துவார். நான் காருக்கு எதிர்க்கட்சி வக்கீல். அவர் காருக்கு வக்கீல். நீதிபதியும் அவரேதான். தீர்ப்புச் சொல்லும்போது மட்டும் நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொள்வார்.

"கனம் கோர்ட்டார் அவர்களே, தொண்ணூறு மைல் வேகம் போகும்" என்று ஆரம்பிப்பார்.

"எங்கங்க போறது? பெரம்பலூர்லேர்ந்து தொண்ணூறு மைல் வேகத்துல கெளம்புனா, பிரேக்கு போடுறதுக்குள்ள அரியலூர் தாண்டிப் போயிடும்" என்பேன் நான்.

"சபாஷ்! அப்புறம்? ரோட்டைச் சொல்லுய்யா, ரோட்டை! மாட்டு வண்டியைச் சொல்லு. பெட்ரோலுக்கு ரேஷன், கூப்பனுக்கு இத்தனைதான்னு இருக்கே, அதை விட்டுட்டியே. இப்படி வாதாடினா நீ எப்பய்யா ஜெயிக்கிறது?"

எனக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆவேசத்தில் நாற்காலியை விட்டு எழுந்து என் பக்கம் வந்துவிடுவார். ரோட்டில் இருக்கும் பள்ளம், கோடைப் புழுதி, ஐப்பசிச் சேறு, ரிப்பேர் பார்க்கத் தெரிந்த ஆள் திருச்சிக்கு இப்பால் இல்லாதது என்று காரைக் கிழி கிழியென்று கிழிப்பார். அவர் வாதத்தில் அவருடைய கார் தவிடுபொடியாகும். பிறகு நாற்காலியை மாற்றிப் போட்டு உட்கார்ந்து, "கார் வேண்டியதில்லை என்று இந்தக் கோர்ட் தீர்ப்பளிக்கிறது" என்று சொல்லிவிட்டு, ஐந்து நிமிஷம் இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருப்பார். அப்புறம் மெல்ல, "அப்பீல் உண்டுல்ல?" என்பார்.

அப்பீல் கோர்ட் சமையற்கட்டில் இருந்தது. வக்கீலம்மா வாதத்தையெல்லாம் அதிக நேரம் கேட்கிற ஜட்ஜ் இல்லை.

"ரெண்டு சீட்டுன்னா நானும் மூணு புள்ளையும் எங்க உக்கார்றது? முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்குதாமே, அது மேலயா?"

அங்கேயும் தள்ளுபடி. இரண்டு கோர்ட்டிலும் தோற்ற மனுஷன் மறுநாளே திருச்சிக்குப் போய்க் காரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். சட்டம் படித்தவர்கள் சட்டத்தை எவ்வளவு மதிப்பார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கார் என்னவோ அழகுதான். அதில் ஏறி உட்கார்ந்த வக்கீலைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை. சீட்டு தரையிலிருந்து ஒரு முழம்கூட இருக்காது. தொப்பையோடு அவர் அதில் இறங்கி உட்கார்ந்தால் அண்டாவுக்குள் உட்கார்ந்து குளிப்பது மாதிரி தலை மட்டும் தெரியும். சந்தைக்குப் போகும் ஆடுகள் அவரை மேலேயிருந்து குனிந்து பார்த்தன. முதல் நாளே தலைப்பாகை பறந்து ஒரு கரும்பு வண்டியில் ஏறிக்கொண்டது. வண்டிக்காரர் அதை எறையூர் வரைக்கும் கொண்டுபோய், மறுநாள் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

வேகத்தைக் காட்டும் முள் தொண்ணூறு வரைக்கும் போகும் என்பது உண்மை. ஒரே ஒரு நாளைத் தவிர, நான் பார்த்தவரை அது பதினைந்தைத் தாண்டியதில்லை. முன்னால் எப்போதும் ஒரு மாட்டு வண்டி இருக்கும். ஆரன் அடித்தால் மாடு மிரளும், மாடு மிரண்டால் வண்டிக்காரர் இறங்கிவந்து வக்கீலின் பரம்பரையை விசாரிப்பார். அதனால் தொண்ணூறு மைல் கார் மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டே பவ்வியமாகப் பின்னால் போகும். ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். சம்பளம் வாங்குகிறவன் என்பதால் கொஞ்சம் திரும்பி நின்று சிரித்தேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்தக் கார் ரிப்பேராகி ஒரு நாளும் நின்றதில்லை. கரி போட்டு ஓட்டிக்கொண்டிருந்த எங்கள் பஸ் வாரத்துக்கு நாலு நாள் வழியில் படுக்கும். கார் படுத்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வக்கீல் அதைத் தன் கையால் துடைப்பார். பெற்ற பிள்ளைகளை அவர் அப்படிக் குளிப்பாட்டி நான் பார்த்ததில்லை.

வக்கீலம்மா ஒரு நாள் என்னையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு முடிவாகச் சொல்லிவிட்டார்.

"ஊரு சிரிக்கிறது இருக்கட்டுங்க. அவசரத்துக்கு வேணும் அவசரத்துக்கு வேணும்னு சொல்றீங்கல்ல? ஒரு அவசரம் வரட்டும். அதுக்கு உதவுச்சுன்னா வச்சுக்குங்க, நான் வாயே தொறக்கல. உதவலைன்னா அன்னிக்கே வித்துடணும். சரியா?"

"சரி" என்றார் வக்கீல். காரின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

அவசரம் எறையூரிலிருந்து நடந்தே வந்தது. செங்கமலை என்ற குடியானவர். பங்காளி ஒருவன் அவருடைய நிலத்துக்குக் கேஸ் போட்டு, வாய்தா இவருக்குத் தெரியாமலே போய், இவர் வராததால் பங்காளி பக்கம் தீர்ப்பாகிவிட்டது. கிணறும் நிலமும் கையை விட்டுப் போகிற நிலைமை. அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய மனுப் போடலாம். அதற்கு முப்பது நாள் கெடு. அவர் வந்து நின்றது முப்பதாவது நாள் காலையில்.

"ஐயா, அந்தக் கெணறு எங்கப்பன் வெட்டுனதுங்க" என்றார்.

நானும் வக்கீலும் தலை நிமிராமல் எழுதினோம். மனு முடிந்தபோது மணி இரண்டு. அரியலூர் கோர்ட்டில் ஐந்து மணிக்குள் போட்டாக வேண்டும். வழி இருபது மைல். செங்கமலை நேரில் வந்து சத்தியம் செய்ய வேண்டும் என்பதால் அவரும் போயாக வேண்டும், வக்கீலும் போயாக வேண்டும். சீட்டு இரண்டு.

"நீ பஸ்ல வந்துடுய்யா" என்று சொல்லிவிட்டு, கறுப்புக் கவுனை மாட்டிக்கொண்டே காரில் இறங்கினார் வக்கீல். வாழ்நாளெல்லாம் அவர் காத்திருந்த நாள் அது. செங்கமலை கண்ணை இறுக மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். தெருவே கூடி நின்று வழியனுப்பியது. நான் வலது கையை ஆட்டி ஆட்டி வழியனுப்பினேன். இடது கக்கத்தில் மனுக்கட்டு இருந்தது.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் வக்கீல் என்றால் கேஸ் கட்டைக் கையால் தொடமாட்டார். அதைக் குமாஸ்தாதான் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் வருவான். தன் கட்டைத் தானே சுமக்கிற வக்கீலைத் தேடிக் கட்சிக்காரன் வரமாட்டான் என்பது நம்பிக்கை. அதனால் கட்டை அவர் கேட்கவும் இல்லை, எனக்குக் கொடுக்கத் தோன்றவும் இல்லை. இருபது வருஷப் பழக்கம் இருவர் கண்ணையும் மறைத்துவிட்டது.

நான் பஸ் ஏறி, கட்டை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, பக்கத்து ஆளிடம் காரின் பெருமையைப் பேசிக்கொண்டு போனேன். பேரளியைத் தாண்டியதும் பஸ் வழக்கம்போல் நின்றது. கண்டக்டர் இறங்கிக் கரி அடுப்பை ஊத ஆரம்பித்தார். நானும் இறங்கி நின்றேன். கிழக்கேயிருந்து செம்புழுதி கிளப்பிக்கொண்டு வந்து எங்கள் எதிரில் நின்றது கார். வக்கீல் தனியாக இருந்தார்.

"என்னங்க ஐயா, அதுக்குள்ள மனுவைப் போட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றேன், சந்தோஷமாக.

அவர் என் கக்கத்தையே பார்த்தார். நானும் பார்த்தேன்.

"ஏறு" என்றார்.

ஏறினேன். அந்தக் கார் எதற்காகச் செய்யப்பட்டதோ அதை அன்றைக்குச் செய்தது. முள் அறுபதைத் தொட்டது. நான் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன், தெரியாத ஏலாக்குறிச்சி மாதாவையும் கூப்பிட்டேன். போகும்போது அரியலூரை முக்கால் மணியில் பிடித்ததாக அவர் சொன்னார். கோர்ட் வாசலில் பின்னால் திரும்பி, "எடுய்யா கட்டை" என்று கை நீட்டினாராம். பின்னால் செங்கமலை நின்றிருக்கிறார்.

அரியலூருக்கு நாலு மைல் இருக்கும்போது கார் இருமிவிட்டு நின்றது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது. கூப்பனுக்குக் கிடைத்தது ஒரு தடவை போய் வரத்தான் காணும். என் கக்கத்துக்காக அது கூடுதலாக ஓடியிருக்கிறது. மணி நாலே கால்.

எதிரே ஒருவர் சைக்கிளில் வந்தார். வக்கீல் நடுரோட்டில் கை விரித்து நின்றார்.

"சைக்கிளைக் குடுங்க. பதிலுக்கு இந்தக் காரு இருக்கட்டும்."

சைக்கிள்காரர் காரைச் சுற்றிப் பார்த்தார். "இது ஓடுங்களா?"

"இப்ப ஓடாது."

"அப்ப எனக்கெதுக்குங்க? சைக்கிளு ஓடுதே."

காரின் சாதக பாதகங்களை அவ்வளவு சுருக்கமாக எந்தக் கோர்ட்டிலும் யாரும் வாதாடியதில்லை. கடைசியில் நான் அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, கிணற்றுக் கதையைச் சொன்ன பிறகு சைக்கிளைக் கொடுத்துவிட்டுக் காருக்குக் காவல் உட்கார்ந்தார்.

எனக்கு சைக்கிள் விடத் தெரியாது. ஐம்பது வயசு வக்கீல் கவுனோடு மிதித்தார். நான் பின்னால் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு மைல். மேட்டில்கூட என்னை இறங்கச் சொல்லவில்லை. அவர் மூச்சு இரைக்கிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு போனேன்.

ஐந்துக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது மனு உள்ளே போனது. செங்கமலை படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பின்னால் கேஸ் புதிதாக நடந்து, கிணறும் நிலமும் அவருக்கே நின்றன.

சைக்கிளைத் திருப்பிக் கொடுத்து, யாரிடமோ கெஞ்சி வாங்கிய பெட்ரோலைக் காரில் ஊற்றி, நாங்கள் மறுநாள்தான் ஊர் திரும்பினோம். வக்கீல் சைக்கிள் மிதித்த செய்தி எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தது. வேறு இரண்டு வக்கீல்கள் வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். கேஸ் கட்டை மறந்த குமாஸ்தா என்று பெயர் வந்தால் எனக்கு இந்த ஜில்லாவிலேயே வேலை கிடையாது. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"அவசரத்துக்குக் காரு என்னாச்சுங்க?" என்றார் வக்கீலம்மா.

"அம்மா, நான்தான் கட்டை..." என்று வாயைத் திறந்தேன்.

"நீ சும்மா இருய்யா" என்றார் வக்கீல். பிறகு மனைவியைப் பார்த்து, "வண்டி மக்கர் பண்ணிடுச்சு. நீ சொன்னதுதான் சரி. வித்துடுறேன்."

வந்திருந்த வக்கீல்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். அடுத்த வாரம் திருச்சியிலிருந்து ஒருவர் வந்து காரை ஓட்டிக்கொண்டு போனார். ஹாண்டிலை ஒரே ஒரு சுற்றுச் சுற்றியதும் கிளம்பியது. வக்கீல் வெளியே வரவில்லை. உள்ளே உட்கார்ந்து ஏதோ பழைய கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அவரிடம் இருந்தேன். அந்தக் கட்டைப் பற்றி ஒரு வார்த்தை, கோபத்தில்கூட, அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

அவர் போன பிறகு நல்ல புத்திசாலி வக்கீல்கள் மூன்று பேரிடம் வேலை பார்த்துவிட்டேன். அப்படி ஒரு கிறுக்கரிடம் மறுபடி வேலை பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.