கேளாத ஒலியைக் கேட்பவர்

கண்ணால் பார்த்துச் சொல்பவர் உண்டு, கையால் தொட்டுச் சொல்பவர் உண்டு. காதைச் சாய்த்தே தீர்ப்பு வழங்கிவிடும் ஓர் இனமும் உண்டு. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் செவிச்செல்வர். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் ஒருவராவது இருப்பார். இல்லையென்றால் இன்னும் நன்றாகத் தேடுங்கள்.

எங்கள் பட்டறைச் செவிச்செல்வர், வாளியும் முக்காலியும் வார்க்கும் பெரிய பிளாஸ்டிக் மெஷின்களோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவர். அவை முனகினால், அந்த முனகலிலேயே நோயைச் சொல்லிவிடுவார். அது உண்மை, மறுக்க மாட்டேன். வினை எப்போது வந்தது? அல்ட்ராசோனிக் மெஷின் வந்தபோது.

அது ஒரு மேஜை அகலம்தான். நாலைந்து பிளாஸ்டிக் மணிகளைக் குழியில் போட்டால் போதும். ஓர் உலோகக் கோல் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அதிர்ந்து, கண் சிமிட்டுவதற்குள் அவற்றை உருக்கி, இண்டு இடுக்கெல்லாம் நிரம்பும்படி அச்சுக்குள் போகவைத்து, அரிசியில் பாதி அளவுக்கு ஒரு மூடியைக் கொடுத்துவிடும். காது கேட்கும் கருவிக்குள் போகிற மூடி அது. ஆனால் அந்த அதிர்வின் ஒலி மனிதக் காதுக்கு எட்டாது. நமக்குக் கேட்பதெல்லாம் மெஷினைக் குளிர்விக்கும் மின்விசிறியின் சத்தம்தான்.

இதெல்லாம் செவிச்செல்வரைத் தடுக்குமா? காலையில் வருவார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார் (கேட்பதற்கு அதை ஏன் கழற்றவேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள்), கண்ணை மூடுவார், ஒரு கையை உயர்த்துவார். பட்டறையே மூச்சை அடக்கிக்கொள்ளும். பிறகு, "கட்டையா இருக்கு" என்பார். எது? அதை யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் மதியம், மூடி வாங்கும் கம்பெனியின் அதிகாரி மாதிரி பார்க்க வருவதாக இருந்தது. மெஷினை ஓட்டுபவர் பேக்கிங் பகுதியிலிருந்து வந்த பெண். ஆறு மாதம் முட்டி மோதி இந்த வேலையைக் கற்றுக்கொண்டவர். மாதிரி தேறாவிட்டால் மெஷின் திரும்பிப் போகும், அவரும் அட்டைப்பெட்டி ஒட்டத் திரும்பிப் போகவேண்டும். காலையிலிருந்து ஒரு மூடிகூடப் பழுதில்லை. அப்போது முதலாளியோடு வந்து சேர்ந்தார் நம்மவர்.

"அதிர்வு ஜாஸ்திம்மா. கொஞ்சம் இறக்கு."

"பீஸ் நல்லாத்தானே வருதுண்ணே."

"பீஸை நீ பாரு. சத்தத்தை நான் பாத்துக்கறேன்."

முதலாளி தலையாட்டினார். அந்தப் பெண் இறக்கினார். ஓரம் நிரம்பாமல், எலி கடித்ததுபோல் வந்தன மூடிகள். "இன்னும் இறக்கு" என்றார் செவிச்செல்வர், மூடியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். அதிகாரி வர ஒரு மணி நேரம்தான் இருந்தது.

அந்தப் பெண் அதிர்வை அடியோடு நிறுத்தினார். மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப எப்படிண்ணே இருக்கு?"

செவிச்செல்வர் முகத்தில் வந்த பூரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "இதுதாம்மா. இதை இப்படியே விடு. யாரையும் கை வைக்க விடாத."

முதலாளியும் குனிந்து காது கொடுத்தார். "ஆமா, எனக்கே தெரியுதே" என்றார்.

இருவரும் தேநீர் குடிக்கப் போனார்கள். அந்தப் பெண் காலை அளவுகளை அப்படியே திரும்ப வைத்தார். மாதிரி தேறியது. கைகுலுக்கிய அதிகாரியிடம் முதலாளி, "எல்லாம் இவரோட காதுங்க" என்று செவிச்செல்வரை முன்னால் தள்ளினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"மெஷின் என்கிட்ட இருக்குல்ல. பேர் அவர்கிட்டயே இருந்துட்டுப் போகட்டும்" என்று அடுத்த மணிகளைக் குழியில் போட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. போன மாதம் உங்கள் வண்டியைப் பழுதுபார்த்த மெக்கானிக், இன்ஜினை ஒருமுறை உறுமவிட்டு, "இப்ப வித்தியாசம் தெரியுதுங்களா?" என்று கேட்டாரே, அப்போது தலையைச் சாய்த்து, ஒரு கணம் கண்ணை மூடி, "ம்... நல்லாவே தெரியுது" என்றது யார்?