பட்டியலில் நான் அடித்த மலை

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் இந்தியாவைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று இருபத்தாறு வயதுவரை மனதார நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கைக்குக் காரணம் மாங்காய்.

எங்கள் சித்தூர் ஜில்லா பங்காருபாளையத்தில் மாங்காய் லாரிக்கு கிளீனராகச் சேர்ந்து, பிறகு டிரைவராகி, நாக்பூர், இந்தூர், டெல்லி என்று எட்டு வருடம் ஓடினேன். லாரிக்கு அடியில் தூங்கினேன், வாய்க்காலில் குளித்தேன், கிடைத்ததைத் தின்றேன். அதெல்லாம் கஷ்டம் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. டெல்லிக்கு மட்டும் பதினேழு தடவை போயிருக்கிறேன். (டெல்லியில் என்ன பார்த்தாய் என்று கேட்டால், மண்டி. நாக்பூரில்? மண்டி. இந்தூரில்? மண்டியும் அதற்கு எதிரே ஒரு பஞ்சர் கடையும்.) லாரிக்காரன் எந்த ஊரையும் பைபாஸிலிருந்துதான் பார்க்கிறான். இந்த உண்மையை நான் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன எங்கள் ஜனங்களுக்கு அப்போதுதான் இரண்டு ஏக்கர், ஒரு போர்வெல், பெங்களூர் கம்பெனியில் ஒரு பிள்ளை என்று வந்து சேர்ந்திருந்தது. வயிற்றுக்குப் போக மிச்சம் இருந்ததும் காசிக்குப் போகும் ஆசை வந்தது. முப்பத்தெட்டு பேர், ஒரு பஸ், பதினைந்து நாள். எல்லாவற்றுக்கும் தலைவர் என் தாய்மாமன் முனிரத்தினம். அவர் மகள் ரேவதியைத்தான் நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். "ஒரு எடத்துல நிக்காதவனுக்கு எப்பிடிடா பொண்ணு தர்றது?" என்று இரண்டு வருடமாக இழுத்துக்கொண்டிருந்த மாமா, அன்று இறங்கி வந்தார்.

"நீதான் நார்த்தெல்லாம் சுத்திக்கினு வந்தவன். எந்த ஊரப் பாக்கணும், எந்த ஊர விடணும்னு நீயே லிஸ்ட் போடு. எல்லாரையும் நல்லபடியா கூட்டிக்கினு போயி கூட்டிக்கினு வா. அப்பறம் உன் விசயம் பேசலாம்."

மாமா வீட்டுக் கூடத்தில் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பட்டியல் தயாரானது. ஆளுக்கொரு ஊர் சொல்லி, முப்பது ஊர் சேர்ந்துவிட்டது. நான் பேனாவை எடுத்துக்கொண்டு ஜட்ஜ் மாதிரி உட்கார்ந்தேன்.

தாஜ்மகால். "கல்லறையப் பாத்து இன்னா புண்ணியம்? அடி." ஹம்பி. "இடிஞ்ச கல்லு நம்மூர்ல இல்லியா? அடி." ஸ்ரீசைலம். "மல ஏத்தம், பஸ்சு மூச்சு வாங்கும். அடி." யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஒவ்வொரு ஊரையும் அடிக்க அடிக்க என் கழுத்து ஒரு அங்குலம் உயர்ந்தது.

கடைசியாகப் பட்டியலின் முதல் வரிக்கு வந்தேன். திருமலை. எங்கள் பக்கத்தில் காசிக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் மலையேறிப் பெருமாளிடம் சொல்லிக்கொண்டுதான் போவார்கள். அதைச் சொல்லி எழுதவைத்தது அத்தை, மாமாவின் மனைவி.

"அதுக்கே ஒண்ணர நாள் பூடும் அத்தே. மல இன்னா எங்கனா ஓடிப் போவுதா? ரெண்டர மணி நேரத்துல போற எடம். திரும்பி வந்து எப்ப வேணா பாத்துக்கலாம்."

"மொதல்ல அவரப் பாக்காம எப்பிடிடா காசிக்குப் போறது?"

சமையல்கட்டு வாசலில் நின்ற ரேவதி கேட்டாள்: "நீ மொதல்ல மலைக்குப் போய்க்கிறியா?"

"நானா? எத்தினியோ தடவ!"

போனது ஒரே தடவை. பத்து மாதக் குழந்தையாக, மொட்டை போட. நன்றாக அழுதேனாம். அதற்கு மேல் அந்த மலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அடித்தேன். அடித்த வேகத்தில் தாள் கிழிந்தது. மாமாவும் "சரிதான், பக்கத்துல கீறதுதானே" என்று தலையாட்டினார்.

அதோடு நின்றேனா? வடக்கே பங்காருபாளையம் என்றால் எவனுக்குத் தெரியும் என்று, சித்தூரில் ஒரு பெயின்டரைப் பிடித்து, பஸ்ஸின் நெற்றியில் இந்தியில் 'திருப்பதி – காசி' என்று பெரிதாக எழுதவைத்தேன். பார்க்கிற போலீஸ்காரன்கூட கும்பிடுவான் என்றேன். மாமா என் முதுகில் தட்டினார். எனக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது போலிருந்தது.

நாக்பூர்வரை எல்லாம் சரியாகத்தான் போனது. (நாக்பூரில் நான் காட்டிய ஒரே இடம் ஆரஞ்சு மண்டி.) ஐந்தாம் நாள் காலையில், ஜபல்பூர் போகும் சாலையில் ஒரு சின்ன ஊருக்குள் நுழையும்போது பஸ்ஸின் முன்பக்கத்து ஸ்பிரிங் பட்டை உடைந்தது. டிரைவர் பட்டையைக் கழற்றி ஒரு டிராக்டரில் போட்டுக்கொண்டு பக்கத்து டவுனுக்குப் போனார். நாங்கள் எதிரே இருந்த மிட்டாய்க் கடை வாசலில், வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம்.

கடைக்காரர் ஐம்பது வயது மனிதர். ஜிலேபி பிழிந்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்கி பஸ்ஸின் நெற்றியைப் படித்தார். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு ஓடிவந்து, மாமாவின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"டேய், இன்னாடா இது? எழுந்திரிக்கச் சொல்லுடா!" என்று மாமா துள்ளினார்.

"நாம திருப்பதி ஆளுங்களாம் மாமா. நம்ம காலு பட்டாலே புண்ணியமாம்."

மாமாவின் கால் துள்ளுவது நின்றது. அடுத்தவர் விழ வசதியாக முன்னால் நீண்டது.

பத்து நிமிஷத்தில் ஊரே கூடிவிட்டது. பூரி வந்தது, பால் வந்தது, கொதிக்கக் கொதிக்க ஜிலேபி வந்தது. எல்லோரும் மலையைப் பற்றிக் கேட்டார்கள். இந்தி தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆனால் அது மண்டி இந்தி. பழுத்தது, அழுகியது, எடை குறைவு, இவற்றோடு நாலு வசவு. தரிசனம் எப்படி இருக்கும் என்று ஒரு கிழவர் கண்கலங்கிக் கேட்டபோது, "முதல் தரம், ஒரு டேமேஜும் இல்லை" என்று சொன்னேன். அவர் அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்போது மிட்டாய்க் கடைக்காரர் பணிவாகக் கேட்டார்: "நீங்களும் முதலில் வராக சுவாமியைத்தானே பார்ப்பீர்கள்?"

வராகர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லும் பழக்கமும் கிடையாது. "அதெல்லாம் நேரம் வீண். நாங்கள் விட்டுவிடுவோம்" என்றேன்.

அவர் முகம் மாறியது. "அவரை விட்டுவிட்டா? குளத்தங்கரையிலேயே இருக்கிறாரே?"

"மலை உச்சியில் ஏது குளம்?" என்று சிரித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் இரண்டு நாள் ரயிலேறி ஏழு தடவை திருமலைக்கு வந்தவர் என்பதை அந்தக் கிழவர் எனக்குச் சொன்னார். கடைக்காரர் என் தோளில் கைவைத்து, குழந்தையிடம் பேசுவது போல மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நீ மலைக்குப் போயிருக்கிறாயா?"

"இன்னாடா சொல்றாரு?" என்றார் மாமா.

"ஒண்ணுமில்ல மாமா. மழ பெஞ்சிச்சானு கேக்குறாரு."

"வராகசாமினு சொன்னாரு, என் காதுல வுழுந்துச்சி" என்றாள் அத்தை. "மலையில மொதல்ல அவரத்தான் பாக்கணும். நீ இன்னாடா சொன்ன அவருகிட்ட?"

மற்ற முப்பத்தேழு பேரும் என்னைப் பார்த்தார்கள். இன்னொரு பொய் தயாராகத்தான் இருந்தது. ஆனால் கடைக்காரரின் கை இன்னும் என் தோளில் இருந்தது. எழுந்து நின்றேன்.

"நான் மலைக்குப் போனதில்ல. பத்து மாசக் கொழந்தையா போனதுதான். காசியும் பாத்ததில்ல. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மண்டிதான்."

கோபம் வந்தால் மாமாவுக்குத் தமிழ் போய் தெலுங்கு வந்துவிடும். "ஏமிரா இதி!" என்று ஆரம்பித்து ஐந்து நிமிஷம் பேசினார். பிறகு மூச்சு வாங்க நின்றபோது அத்தை அவரைக் கேட்டாள்: "நீ எப்ப போன?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவரும் முப்பது வருடமாக 'எப்ப வேணா போலாம்' கட்சிதான். கை தூக்கச் சொன்னதில், நினைவு தெரிந்து மலை ஏறியவர்கள் முப்பத்தெட்டில் ஒன்பது பேர்.

கடைக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உள்ளே போய், பூஜை மாடத்திலிருந்து ஒரு பித்தளை டப்பாவை எடுத்துவந்தார். போன வருடம் திருமலையிலிருந்து கொண்டுபோன லட்டு, பாதி மிச்சம், கருங்கல்லாக இருந்தது. அதைப் பாக்குவெட்டியால் வெட்டினார். மத்தியப் பிரதேசத்து மனிதர் திருப்பதி லட்டு கொடுக்க, சித்தூர் ஜில்லாக்காரர்கள் முப்பத்தெட்டு பேர் வரிசையில் நின்று, இடது கைமேல் வலது கை வைத்து, கடுகளவு வாங்கிக்கொண்டோம். எனக்கு மட்டும் கொஞ்சம் பெரிய துண்டாகக் கொடுத்தார். அவமானத்துக்கு ஒரு ருசி உண்டென்றால் அதில் ஏலக்காய் இருக்கும்.

பட்டை வந்து பஸ் தயாரானதும் மாமா டிரைவரிடம் சொன்னார்: "வண்டியத் திருப்பு. மலைக்குப் போ."

"மாமா, காசி நாளைக்கு வந்துடும்!" என்று கெஞ்சினேன்.

"காசி எங்கியும் ஓடிப் போவாது. எப்ப வேணா பாத்துக்கலாம்."

இதையேதானே நானும் சொன்னேன் என்று வாயெடுத்தேன். அத்தை பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

நான்கு நாள் கழித்து, மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து முப்பத்தெட்டு பேரும் படியேறினோம். அத்தையின் பை, மாமாவின் பை, முட்டிவலிக்காரர்கள் ஏழு பேரின் பை, எல்லாம் என் தோளில். மேலே குளம் இருந்தது. சின்னக் குளமும் இல்லை. கரையிலேயே வராகர் இருந்தார். அவரை முதலில் பார்த்துவிட்டு, பெருமாளைப் பார்க்கப் பதினோரு மணி நேரம் கியூவில் நின்றோம். அதில் பத்து மணி நேரம் மாமா என்னோடு பேசவில்லை. பதினோராவது மணியில் எனக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தையில வெச்சிக்கலாம்."

"இன்னாது மாமா?"

"கல்யாணம்டா. அத்தினி பேரு முன்னால எழுந்து நின்னு ஒத்துக்கினியே, அது போதும். அதுவுமில்லாம, வேற மாப்ள தேடிக்கினு இனிமே எந்த ஊருக்கும் போற தெம்பு எனக்கில்ல. ஆனா ஒண்ணு. எங்க போவணும், எங்க போவக்கூடாதுனு இனிமே எம்பொண்ணுதான் சொல்லுவா."

இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக அவள்தான் சொல்கிறாள். சித்தூருக்கு எந்த பஸ்ஸில் போவது என்பது உட்பட. காசி இன்னும் அவள் பட்டியலில் ஏறவில்லை.

எங்கள் மகள் இப்போது அமெரிக்காவில் இருக்கிறாள். மாப்பிள்ளை லக்னோ பக்கம். போன மாதம் இரண்டு பேரும் காரை எடுத்துக்கொண்டு அந்த நாட்டின் ஒரு கடலிலிருந்து மறு கடல்வரை போகக் கிளம்பினார்கள். வீடியோ காலில் மகள் கேட்டாள்: "நைனா, பன்னண்டு நாள்தான் லீவு. எதப் பாக்கறது, எத விடறது?"

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமினேன். ரேவதி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அவரப் போயி கேக்குறியேடி! மொதல்ல நீங்க குந்திக்கினு கீற வீட்டையே லிஸ்ட்ல அடிச்சிடுவாரு."

அந்தப் பக்கம் மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் இந்தக் கதை தெரியும்.